நீலப் புள்ளியை எவ்வளவு நம்பலாம்?

ஓர் இடத்தின் வரைபடம் எங்கே உருவாக வேண்டும்: அந்த இடத்தில் நின்றபடியா, அலுவலகத்துக்குத் திரும்பிய பிறகு மேசையிலா? நில அளவைக்காரர்கள் பல தலைமுறைகளாக வாதாடிவரும் கேள்வி இது. முக்காலிமேல் பலகையைப் பொருத்தித் தாளை விரித்து, எதிரே தெரியும் மலையையும் ஓடையையும் பார்த்துப் பார்த்து வரைவது ஒரு மரபு. பிளேன் டேபிள் எனப்படும் அந்தப் பலகையில் கோடு தவறினால் அங்கேயே கண்ணில் படும், அங்கேயே திருத்தலாம். ஆனால் கடைசியில் மிஞ்சுவது படம் மட்டுமே. அந்தக் கோடு எந்த அளவுகளிலிருந்து வந்தது என்பதைப் பின்னால் வருபவர் சரிபார்க்க வழியில்லை. இன்னொரு மரபு, அளவுகளைப் புத்தகத்தில் எழுதிவந்து பிறகு வரைவது. சென்னை மாகாணத்தில் 1858இல் தொடங்கிய வருவாய் நில அளவை இந்த இரண்டாம் வழியில் சென்றது. சங்கிலி பிடித்து, செங்கோணம் பார்க்கும் கிராஸ் ஸ்டாஃப் நிறுத்தி எடுத்த அளவுகள் புலப்பட நூலில் ஏறின. இன்று சர்வேயர்கள் எஃப்.எம்.பி. என்று புரட்டுவது அதன் வாரிசைத்தான். எல்லைக் கல் ஒன்று காணாமல் போனால் அதே இடத்தில் மறுபடி நட உதவுவது அதில் எழுதியிருக்கும் அளவுதான்.

கைபேசியும் டேப்லெட்டும் இரண்டு வேலையையும் ஒருசேரச் செய்கின்றன. நடந்துகொண்டே எல்லையை வரையலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம், உத்தேசப் பிழை ஆகிய எண்களும் கூடவே பதியும். அதனால் பழைய வழக்கு தீர்ந்துவிட்டதாகச் சொல்வோர் உண்டு. தீரவில்லை, மூன்றாகக் கிளைத்திருக்கிறது என்றே சொல்லத் தோன்றுகிறது. கருவி சொல்லும் இடம் சரிதானா? கருவி வந்தபின் களப்பணியாளரின் கண் கூர்மை இழக்கிறதா? பதிவான புள்ளி யார் கையில் எதற்குச் சான்றாகிறது? முதல் கேள்வி பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. மூன்றாவது கேள்விக்குக் கிடைத்த கவனம் அதன் கனத்துக்குப் போதவில்லை.

செல்போனுக்கு முன்னும் பின்னும்

2000 மே மாதம்வரை பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க அரசே வேண்டுமென்று பிழையைக் கலந்து அனுப்பியது. கருவி 100 மீட்டர் அளவுக்குத் தள்ளிக் காட்டக்கூடியதாக இருந்தது. அந்த நிலையில் ஒரு பாறை முகட்டையோ வயல் மூலையையோ அதைக்கொண்டு குறிப்பது வீண் வேலை. கலப்பு நிறுத்தப்பட்ட பிறகு கையடக்கக் கருவிகளுக்கு உயிர் வந்தது. அதே காலத்தில் ஆர்க்பேட் போன்ற வரைபட மென்பொருள்கள் உள்ளங்கைக் கணினிகளில் ஓடத் தொடங்கின. பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகம் தன் நிலவியலாளர்களுக்காக சிக்மா என்ற டேப்லெட் முறையை உருவாக்கியது. நிலவியலாளர் டெரி பாவ்லிஸ் குழுவினர் 12 ஆண்டுக் கள அனுபவத்தைத் தொகுத்து 2010இல் ஜியோஸ்ஃபியர் இதழில் ஒரு நீண்ட மதிப்பீடு வெளியிட்டனர். கணினிவழிக் களப்பதிவை ஆதரிப்போர் இன்றும் எடுத்துக்காட்டும் கட்டுரைகளில் அது ஒன்று.

செல்போன் வந்தபின் வேகம் கூடியது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2008இல் தொடங்கிய ஓப்பன் டேட்டா கிட், கேள்வித்தாளையும் இடக்குறிப்பையும் ஒன்றாக்கியது. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளைப் பயன்படுத்துவோருக்குக் களத்துணையாக க்யூஃபீல்டு வந்தது. இலவசம், திறந்த மூல நிரல், இணையம் இல்லாமலும் ஓடும். ஏற்கெனவே உள்ள வரைபடத் தாள்களைத் திரையில் விரித்து அதன்மேல் தன் இடத்தைப் பார்க்க நினைப்போர் அவென்சா மேப்ஸ் பக்கம் போனார்கள். லட்சங்களில் விலை கொண்ட கருவி வைத்திருந்த துறைகளின் வேலையை இன்று ஓர் ஆராய்ச்சி மாணவர் தன் சொந்த போனில் செய்யத் தொடங்க முடிகிறது. செயலிகளை ஆதரிப்போரின் வலுவான வாதம் இதுதான். அது நியாயமானதும்கூட.

ஐந்து மீட்டர் எவ்வளவு பெரிது?

மரமோ கட்டடமோ மறைக்காத திறந்த வானத்தின்கீழ் சாதாரண ஸ்மார்ட்போனின் இடப்பிழை ஏறத்தாழ 4.9 மீட்டர் என்று அமெரிக்க அரசின் ஜிபிஎஸ் தளமே சொல்கிறது. பறவை நோக்குபவருக்கும் மலையேறுபவருக்கும் இது தாராளம். ஆனால் இந்த எண்ணை வைத்துக்கொண்டு பொதுப்படையாக வாதிடுவதில் பயனில்லை. எதை அளக்கிறோம் என்பதோடு சேர்த்தால்தான் அதற்குப் பொருள் கிடைக்கும்.

25 சென்ட் வயலை எடுத்துக்கொள்வோம். பரப்பு சுமார் 1,012 சதுர மீட்டர். சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 32 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நான்கு வரப்பிலிருந்தும் உள்ளே 5 மீட்டர் விட்டுவிட்டால் நடுவில் மிஞ்சுவது 476 சதுர மீட்டர். அதாவது அந்த வயலில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி ஏதாவதொரு வரப்புக்கு 5 மீட்டருக்குள் இருக்கிறது. அங்கே நிற்பவரைப் பக்கத்து சர்வே எண்ணில் நிற்பதாகக் கருவி காட்டினால் அதில் வியப்பில்லை. 5 சென்ட் உட்பிரிவில் இது எங்கே போய் முடியும் என்று சொல்லவே வேண்டாம்.

திரையில் நீலப் புள்ளியைச் சுற்றி ஒரு மெல்லிய வட்டம் தெரியும். உண்மையான இடம் அதற்குள்தான் இருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆண்ட்ராய்டில் அந்த வட்டம் 68 விழுக்காட்டு நம்பகத்தைக் குறிக்கிறது. கருவியின் மதிப்பீடு சரியாகவே இருந்தாலும் மூன்றில் ஒரு முறை உண்மை இடம் வட்டத்துக்கு வெளியே இருக்கலாம். 'ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் நின்று சராசரி எடுங்கள்' என்ற அறிவுரையும் ஓரளவுதான் உதவும். அடுத்தடுத்த நொடிகளில் பதியும் புள்ளிகள் ஒரே செயற்கைக்கோள் அமைப்பிலிருந்து, ஒரே பாறைச் சுவரில் மோதித் திரும்பிய சமிக்ஞையிலிருந்து வருகின்றன. பிழையும் ஒரே பக்கம் சாய்கிறது. நெருக்கமாகக் குவிந்த புள்ளிகளைப் பார்த்தால் துல்லியமாகத் தோன்றும். குவியலே பத்து மீட்டர் தள்ளியிருக்கலாம். அடர்ந்த சோலைக்காட்டிலும் செங்குத்தான ஓடைப் பள்ளத்திலும் இதைக் கணக்கில் எடுக்காத ஆய்வு பின்னால் சங்கடத்தில் மாட்டும்.

கருவிகள் மேம்பட்டு வருவதையும் சொல்லியாக வேண்டும். 2018இல் ஷாவ்மி மி 8 இரட்டை அலைவரிசை ஜிபிஎஸ்ஸுடன் வந்தது; எதிரொலித்து வரும் சமிக்ஞையைப் பிரித்தறிய அது உதவுகிறது. ஐரோப்பாவின் கலிலியோ அமைப்பு 2023 ஜனவரியில் 20 சென்டிமீட்டர் அளவிலான துல்லியத்தை இலவசச் சேவையாக அறிவித்தது. ஆனால் அதைப் பெறத் தக்க ஏற்பி சாதாரண போன்களில் இல்லை. இந்திய நில அளவைத் துறை நிறுவிவரும் நிலையான ஏற்பு நிலையங்களின் வலையமைப்போடு, புளூடூத்தில் இணையும் வெளி ஆன்டெனாவையும் சேர்த்துக்கொண்டால் டேப்லெட்டிலேயே சென்டிமீட்டர் கணக்கில் அளக்கலாம். அப்போது கேள்வி செலவும் சிக்னலும் பற்றியதாகிறது.

துல்லியம் பற்றிய விவாதங்களில் அடிக்கடி விடுபடுவது அடிப்படை வரைபடத்தின் பிழை. பழைய இந்திய டோபோ தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை; ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற வேறோர் அடிப்படையை. மாற்றாமல் ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் தமிழ்நாட்டில் 100 மீட்டருக்குமேல் இடம் நகர்ந்துவிடும். 2005ஆம் ஆண்டு வரைபடக் கொள்கைக்குப் பின் வந்த பொதுத் தாள்களில் இந்தத் தொல்லை இல்லை. கிராம வரைபடங்கள் வேறு கதை. சங்கிலியால் அளந்த புலப்படங்களைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்தும்போது எந்தக் கல்லைப் பிடித்துப் பொருத்தினார்கள் என்பதைப் பொறுத்து முழு கிராமமும் சில மீட்டர் நகரும். போனைக் குறைசொல்லும் முன் அதன் அடியில் விரித்த படத்தைச் சந்தேகிப்பது நல்லது.

பாறைமேல் வைத்த போன்

நிலவியலில் விவாதம் வேறு வகை. பாறைப் படுகை எந்தத் திசையில் நீள்கிறது, எவ்வளவு சாய்கிறது என்ற இரண்டு அளவுகளுக்காக ஒரு நூற்றாண்டுக்கு மேலாக பிரண்டன் திசைகாட்டி புழங்குகிறது. டேவிட் பிரண்டன் அதற்குக் காப்புரிமை பெற்றது 1894இல். ஃபீல்டுமூவ் கிளினோ போன்ற செயலிகள் வந்தபின் போனைப் பாறைமேல் கிடத்தித் திரையைத் தொட்டால் இரண்டும் பதிவாகின்றன. புகைப்படமும் இடமும் கூடவே. பிரண்டனில் ஓர் அளவெடுக்கும் நேரத்தில் இதில் பல அளவுகள் எடுக்கலாம்.

2017இல் ஒரே இதழில், கட்டமைப்பு நிலவியல் ஆய்விதழில், இரு வேறு தொனியில் கட்டுரைகள் வந்தன. ரிச்சர்ட் ஆல்மெண்டிங்கரும் உடனாய்வாளர்களும், கவனத்தோடு திரும்பத் திரும்ப அளந்தால் போன் அளவுகள் பழைய கருவிக்கு ஈடுகொடுக்கும் என்ற பக்கம் நின்றனர். நோவாகோவாவும் பாவ்லிஸும் வெவ்வேறு சாதனங்களைச் சோதித்து, சிலவற்றில் அளவுகள் கவலைக்குரிய அளவுக்குச் சிதறுவதைச் சுட்டினர். கணினிவழிக் களப்பதிவின் முன்னோடியான பாவ்லிஸே எச்சரிக்கும் பக்கத்தில் இருந்தது கவனிக்க வேண்டியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் முரண் பெருமளவு குறைகிறது. சாய்வை முடுக்கமானி அளக்கிறது. அது புவியீர்ப்பைச் சார்ந்தது, எளிதில் கெடாது. திசையைக் காந்தமானி அளக்கிறது. போனுக்குள் உள்ள ஸ்பீக்கரும், காந்த மூடி போட்ட உறையும், பக்கத்தில் கிடக்கும் சுத்தியலும் அதைக் குழப்பும். சேலத்துக்கு அருகே கஞ்சமலையில் உள்ள மேக்னடைட் பாறையில் எந்தத் திசைகாட்டியானாலும் தடுமாறும். வேறுபாடு ஒன்றுதான்: பிரண்டனில் ஊசி அலைவதைக் கண் பார்க்கிறது, போன் திரை, தடுமாற்றத்தைக் காட்டாமல் ஒரு முழு எண்ணைத் தந்துவிடுகிறது.

வெயிலும் மழையும் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஐபோனைப் பயன்படுத்தத் தக்க சூழல் வெப்பம் 35 டிகிரிவரை என்று ஆப்பிள் நிறுவனமே குறிப்பிடுகிறது. வேலூரின் மே மாதம் அதைத் தாண்டும். ஈர விரலுக்குத் தொடுதிரை கீழ்ப்படியாது. கூடுதல் பேட்டரியும் தாளும் பென்சிலும் பையில் இருக்கட்டும் என்பதில் எல்லாத் தரப்பும் ஒத்துப்போகின்றன.

வரையும் கை, தேர்ந்தெடுக்கும் விரல்

மூத்த நிலவியலாளர்களும் நிலத்தோற்ற ஆய்வாளர்களும் எழுப்பும் ஆட்சேபம் துல்லியத்தைப் பற்றியதல்ல. வரைபடம் வரைவதே யோசிக்கும் முறை என்கிறார்கள். இரண்டு பாறைகள் சந்திக்கும் கோட்டைப் பென்சிலால் இழுக்கும்போது, 'இந்த ஓடைக்கு அப்பால் இது எப்படிப் போகும்?' என்று மனம் முன்கூட்டியே ஊகிக்கிறது. அடுத்து எங்கே நடப்பது என்பதை அந்த ஊகம் தீர்மானிக்கிறது. செயலியில் ஊகத்துக்கு இடம் குறைவு. பட்டியலில் உள்ள பெயர்களில் ஒன்றைத் தொட வேண்டும். பட்டியலில் இல்லாதது 'இதர' என்ற பெட்டிக்குள் போய் மறையும்.

இந்த ஆட்சேபத்துக்கு உளவியல் ஆய்வுகள் சில துணைக்கு அழைக்கப்படுகின்றன. டோரு இஷிகாவா குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஜிபிஎஸ் வழிகாட்டலில் நடந்தவர்கள் காகித வரைபடம் வைத்திருந்தவர்களைவிடச் சுற்றி நடந்தார்கள், அதிக முறை நின்றார்கள். டஹ்மானியும் போபாவும் 2020இல், ஜிபிஎஸ்ஸை வழக்கமாக நம்பி ஓட்டுவோரிடம் இட நினைவு மங்குவதோடு தொடர்பு இருப்பதாக எழுதினர். அவர்கள் ஆராய்ந்தவர்கள் 50 பேர்; மூன்றாண்டு கழித்து மறுபடி சோதிக்கப்பட்டவர்கள் 13 பேர்தான். அதைவிட முக்கியமானது, இரண்டு ஆய்வுகளும் ஓர் இடத்துக்குப் போய்ச் சேருவதைப் பற்றியவை. களப்பணியாளர் செய்வது வேறு. அவர் திரும்பத் திரும்பப் படத்தையும் நிலத்தையும் ஒப்பிடுகிறார். 'இடதுபக்கம் திரும்பு' என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. ஆகவே இந்த முடிவுகளை அப்படியே களத்துக்குப் பொருத்துவது தாவல். அதேசமயம், நீலப் புள்ளி இருப்பதால் சுற்றுமுற்றும் உள்ள குன்றுகளை வைத்துத் தன் இடத்தைக் கண்டறியும் பழக்கம் புதிதாக வருவோரிடம் வளராமலே போகக்கூடும் என்ற கவலையை ஒதுக்கவும் முடியாது. முதல் சில வாரம் தாளில் வரைந்து பழகி, பிறகு டேப்லெட்டுக்கு மாறுவதே நல்ல பயிற்சி என்று எனக்குப் படுகிறது.

எதிர்த்தரப்புக்கும் நல்ல சான்று உண்டு. இந்தியாவின் புலிக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 2018 சுற்றில் வனப் பணியாளர்கள் எம்-ஸ்ட்ரைப்ஸ் செயலியோடு 5 லட்சம் கிலோமீட்டருக்குமேல் நடந்தார்கள். வனக்காப்பாளரும் வேட்டைத் தடுப்புக் காவலரும் கண்ட காலடித்தடம், எச்சம், மரக்கீறல் யாவும் இடத்தோடும் நேரத்தோடும் பதிந்தன. ஆயிரக்கணக்கானோர், ஏராளமான மொழிகள், வெவ்வேறு கல்வி நிலை; இவர்கள் எழுதிய தாள்களைத் திரட்டித் தட்டச்சு செய்து ஒழுங்கு செய்வதில் வரும் பிழையோடு ஒப்பிட்டால், பட்டியலில் தொடும் முறை பெரும் முன்னேற்றம். இங்கே தேவை தனிப்பட்ட ஊகமல்ல, ஒரே மாதிரியான பதிவு. நிலவியலாளரின் ஆட்சேபம் அவர் வேலைக்குப் பொருந்தும். இந்த வேலைக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

புள்ளி சான்றாகும்போது

களத்தில் எடுத்த புள்ளி ஒரு கோப்பில் சேர்ந்து அலுவலகத்துக்குப் போனதும் அதன் தன்மை மாறுகிறது. எடுத்தவருக்குத் தெரியும், மரத்தடியில் நின்றோம், வட்டம் 12 மீட்டர் காட்டியது என்று. மேசையில் பார்ப்பவருக்குத் தெரிவது ஆறு தசம இடம் கொண்ட ஓர் எண். ஆறாம் தசம இடம் என்பது 11 சென்டிமீட்டர். அந்தத் துல்லியம் அங்கே ஒருபோதும் இருந்ததில்லை.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பல இடங்களில் ஆதிவாசிகளின் மனுக்கள் செயற்கைக்கோள் படத்தில் சாகுபடி தெரியவில்லை என்று நிராகரிக்கப்பட்டன. 2012இல் திருத்தப்பட்ட விதிகள், செயற்கைக்கோள் படமும் பிற தொழில்நுட்பமும் மற்றச் சான்றுகளுக்குத் துணையாக மட்டுமே இருக்கலாம், அவற்றுக்கு மாற்றாகக் கூடாது என்று தெளிவாக்கின. அதே தொழில்நுட்பம் எதிர்த்திசையிலும் வேலை செய்தது: குஜராத்தில் கிராமத்தாரே ஜிபிஎஸ் பிடித்துத் தங்கள் நிலத்தைச் சுற்றி நடந்து எல்லை வரைந்து மனுவோடு சேர்த்தார்கள். கருவியைப் பிடித்தவர் யார் என்பதைப் பொறுத்து முடிவு புரளுகிறது.

மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பில் இதே கேள்வி நம் ஊர் வயல்வரப்புக்கு வந்துவிட்டது. பயிர் விவரம் குறிக்கும் அடங்கல் பதிவேட்டில் கையால் எழுதியதற்கு மாற்றாக, வயலுக்குள் நின்று போனில் படமெடுக்க வேண்டும். போன் காட்டும் இடம் அந்த சர்வே எண்ணின் எல்லைக்குள் இருந்தால்தான் செயலி ஏற்கும். 2024இல் தமிழ்நாட்டில் இது விரிவுபட்டபோது கிராம நிர்வாக அலுவலர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வேளாண் கல்லூரி மாணவர்கள் களமிறக்கப்பட்டது விவாதமானது. பணிச்சுமை, பாதுகாப்பு ஆகியவையே அதிகம் பேசப்பட்டன. ஆனால் மேலே பார்த்த 25 சென்ட் கணக்கு இங்கேதான் கடிக்கும். வயலுக்குப் போகாமலே பதிவேட்டை நிரப்பும் பழைய குறையைச் செயலி தடுக்கிறது என்பது உண்மை. வயலுக்குள் நிற்பவரையே வெளியே நிற்பதாகச் சொல்லும் புதிய குறையையும் அது கொண்டுவருகிறது. பயிர்க் காப்பீடும் இழப்பீடும் அந்தப் பதிவைப் பொறுத்திருக்கும்போது பிழையின் விலையைக் கட்டுவது விவசாயிதான்.

இடத்தை மறைப்பதும் களப்பணியின் பொறுப்பே. 2018 ஜனவரியில் ஸ்ட்ராவா செயலியின் ஓட்டத்தடப் படம் ராணுவ முகாம்களின் அமைப்பை உலகுக்குக் காட்டிக்கொடுத்தது. அரிய உயிரினம் இருக்கும் இடத்தை வெளியிடலாமா என்று 2017இல் சயன்ஸ் இதழில் லிண்டன்மேயரும் ஷீலும் எழுப்பிய கேள்வியும் இதனோடு சேர்ந்தது. உயிரினப் பதிவுத் தளமான ஐநேச்சுரலிஸ்ட் அழிநிலை இனங்களின் இடத்தை 0.2 டிகிரிப் பெட்டிக்குள் மங்கலாக்குகிறது. நம் அட்சரேகையில் அது பக்கத்துக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டர். ஓர் ஆர்க்கிட் செடியைக் காக்க அது போதும். ஒரே ஒரு சோலையில் மட்டும் வாழும் தவளைக்குப் போதாது. பெட்டிக்குள் சோலை ஒன்றுதான் என்றால் யாரும் ஊகித்துவிடுவார்கள். வனத்துறையில் இன்னொரு பக்கமும் உண்டு: காவலரின் ரோந்துத் தடம் பாதுகாப்புக்கான தரவா, அவரை வேவு பார்க்கும் கருவியா? இரண்டாகவும் பயன்படும். எது எதற்கு என்று எழுத்தில் வரையறுக்கும் விதிகள் இருந்தால்தான் கீழ்நிலைப் பணியாளர் கருவியை மனமார ஏற்பார்.

2021 பிப்ரவரி 15இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்கள் வரைபடத் தரவுக்கு முன்அனுமதி வாங்கும் முறையைப் பெருமளவு நீக்கின; ஒரு மீட்டரைவிட நுண்ணிய தரவை இந்திய நிறுவனங்கள் மட்டுமே திரட்டலாம் என்ற வரம்பை வைத்தன. யார் வரையலாம் என்பதற்கு அது விடை. வரைந்ததை எதிர்த்து யார் எங்கே முறையிடலாம் என்பதற்கு அது விடையல்ல.

தீராமல் நிற்பவை

இப்போதைக்கு நியாயமாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: திறந்த வெளியில், பல மீட்டர் பிழையைத் தாங்கும் வேலையில், ஒரே மாதிரியான பதிவு வேண்டியபோது செயலி தாளை வென்றுவிட்டது. பாறையின் திசை அளவில் எச்சரிக்கையோடு ஏற்கலாம். வரப்புத் தகராறில் தனிப்போனை ஏற்கக் கூடாது. பயில்பவரின் கண்ணுக்கு அது என்ன செய்கிறது என்பதில் நேரடிக் களச் சோதனைகள் பெருகும்வரை உறுதியாக எதுவும் சொல்ல இயலாது.

பிழையின் அளவு புள்ளியோடு கூடவே பயணிக்க வேண்டும் என்பது தொழில்நுட்பத்தால் எளிதில் தீரக்கூடியது. கோப்பில் ஒரு நெடுவரிசை கூடுதல், அவ்வளவே. முடிவெடுக்கும் அலுவலகங்கள் அந்த நெடுவரிசையைப் படிக்குமா என்பது நிர்வாகத்தின் கேள்வி. காலம் கடந்து நிற்பது அதனினும் கடினம். நூறாண்டு தாண்டிய புலப்பட அளவுகளை இன்று ஒரு சர்வேயர் படித்துக் கல்லை நடுகிறார். ஒரு காலத்தில் எங்கும் புழங்கிய ஆர்க்பேட் இன்று கைவிடப்பட்டுவிட்டது. 2014இல் வந்த ஜியோபேக்கேஜ் என்ற திறந்த கோப்பு வடிவம் இதற்கு ஒரு நல்ல தொடக்கம். க்யூஃபீல்டு போன்றவை அதிலேயே சேமிக்கின்றன. ஆனால் அரசு, பல்கலைக்கழக ஆய்வுகளில் களத்தில் எடுத்த மூலப் பதிவை, திருத்தப்படாத அந்த முதல் கோப்பை, எந்த அலுவலகம் எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும், வழக்கு வந்தால் விவசாயியோ வனவாசியோ அதை யாரிடம் கேட்டுப் பெறலாம் என்பவற்றுக்கு விதி எழுதப்பட வேண்டியிருக்கிறது.